லிக்விட் கார்பன் ரிவ்யூ: பிபிஏ-க்கு ஓகே, மத்த பாசிக்கு வாங்காதீங்க

முதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பலாம். உங்க பிளான்டட் டேங்க்ல, அதாவது செடி வளக்கிற மீன் தொட்டியில, பிபிஏ, அதாவது பிளாக் பியர்ட் ஆல்கி, இலை ஓரத்துலயும் கட்டையிலயும் ஃபில்டர் பைப்லயும் கறுப்பா கொத்துக் கொத்தா தாடி வளத்துக்கிட்டு நிக்குமே, அது வந்திருந்தா லிக்விட் கார்பன் பாட்டில் ஒண்ணு வாங்குங்க, காசு வீணாகாது. வேற பாசிக்கெல்லாம் இத நம்பி வாங்காதீங்க. செடிக்கு கேஸ் குடுக்கிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குப் பதிலா இத ஊத்தினா போதும்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

இப்ப விவரமா பாப்போம். லிக்விட் கார்பன்னு பல கம்பெனி பாட்டில் வருது, அதுல ரொம்ப வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சது சீக்கெம் கம்பெனியோட ஃப்ளரிஷ் எக்செல். அதுல இருக்கிறது பாலிசைக்ளோகுளுட்டராசிட்டல்னு வாய்ல நுழையாத பேர் உள்ள ஒரு பொருள், குளுட்டரால்டிஹைடோட இன்னொரு வடிவம்தான் இதுன்னு கம்பெனியே சொல்லுது. மத்த பாட்டில்கள்ல பலதுல நேரா குளுட்டரால்டிஹைடே இருக்கும். ஆஸ்பத்திரில எண்டோஸ்கோப் மாதிரி சூடு தாங்காத கருவிய எல்லாம் 2 சதவீத குளுட்டரால்டிஹைடு கரைசல்ல ஊறப்போட்டு கிருமி நீக்குவாங்க, அதே சாமான்தான் இங்க டேங்க்குள்ள சொட்டு சொட்டா போகுது. செடி இத கார்பனா எடுத்துக்கும்னு லேபிள் சொல்லுது, இந்த ஹாபில இருக்கவங்கள்ல கொஞ்ச பேர் ஒத்துக்கிறாங்க கொஞ்ச பேர் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. என்னைக் கேட்டா செடி பளிச்சுன்னு ஆகுறதுல பாதி, இலை மேல பாசி ஏறாம வெளிச்சம் ஒழுங்கா விழுறதால வர்றது. இன்னொரு வேடிக்கை, சீக்கெம் இத பாசி மருந்துன்னு விக்கவே இல்ல, செடிக்கான கார்பன் சத்துன்னுதான் விக்குது. ஆனா வாங்குறவங்கள்ல முக்காவாசி பேர் பாசிக்காகத்தான் வாங்குறாங்க, நானும் அதுக்குத்தான் வாங்கினேன், அதனால ரிவ்யூவும் அந்தக் கணக்குலதான்.

டோஸ் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். எக்செல் லேபிள்ல போட்டிருக்கிறது: முதல் தடவை 40 லிட்டருக்கு 5 மிலி, 40 சதவீதத்துக்கு மேல தண்ணி மாத்தினா மறுபடியும் அதே அளவு, மத்த நாள்ல தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ 200 லிட்டருக்கு 5 மிலி. வேற பிராண்டுன்னா செறிவு வேற, அந்த பாட்டில்ல இருக்கிற கணக்கத்தான் பாக்கணும், ஒரு பாட்டிலோட அளவ இன்னொண்ணுக்கு போடாதீங்க. அப்புறம் லிட்டர் கணக்கு. 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர் டேங்க்னா காகிதத்துல கிட்டத்தட்ட 65 லிட்டர் வரும், ஆனா அடியில மண்ணு, கல்லு, கட்டை, மேல விட்ட காலி இடம் எல்லாத்தையும் கழிச்சா உள்ள இருக்கிற தண்ணி 50 பக்கம்தான். மருந்து போடுறது தண்ணிக்கு, கண்ணாடிக்கு இல்லையே, அதனால இருக்கிற தண்ணிய வச்சு கணக்குப் போடுங்க. சின்ன நானோ டேங்க்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம், 20 லிட்டருக்கு தினசரி அளவு வெறும் அரை மிலி, அத மூடியில அளக்க முடியாது, 1 மிலி சிரிஞ்ச் ஒண்ணு வச்சுக்கோங்க. மூடியில குத்துமதிப்பா ஊத்துற பழக்கம்தான் இந்த பாட்டிலுக்கு இருக்கிற கெட்ட பேர்ல பாதிக்கு காரணம்.

ஆனா நான் சொல்ல வந்த விஷயம் தினசரி டோஸ் இல்ல. டேங்க் முழுக்க ஊத்துறதுல பிபிஏ-க்கு பெருசா ஒண்ணும் ஆகாது, வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகும் அவ்ளோதான். இந்த பாட்டிலோட வேலை தெரியுறது நேரா பாசி மேலயே விடும்போதுதான், இதத்தான் ஸ்பாட் டோஸ்னு சொல்றது. ஃபில்டர், பம்ப், ஏர் ஸ்டோன் எல்லாத்தையும் நிறுத்திடுங்க, தண்ணி அசையாம நிக்கட்டும், அன்னைக்கு டேங்க்குக்கு உண்டான மொத்த அளவ மட்டும் சிரிஞ்ச்ல எடுத்து நுனிய பாசிக்கு ஒட்டினாப்ல வச்சு ரொம்ப மெதுவா அழுத்தணும், வேகமா பீச்சினா மருந்து அப்படியே கலைஞ்சு போயிரும். 5லருந்து 10 நிமிஷம் விட்டுட்டு ஃபில்டர ஆன் பண்ணிடுங்க, மறக்காம ஆன் பண்ணிடுங்க, ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அந்த ஓட்டத்துலதான் வருது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, மறுநாள் அடுத்த பகுதின்னு போகணும், எல்லா கொத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு அளவ ஏத்தக்கூடாது. கல்லோ கட்டையோ ஆனுபியாஸ் செடி ஒட்டின துண்டோ வெளிய எடுக்க முடியும்னா இன்னும் சுலபம், வெளிய எடுத்து பிரஷ்ல பாசி மேல மட்டும் தடவி ரெண்டு மூணு நிமிஷம் விட்டு நல்லா கழுவிட்டு திரும்ப வச்சிடலாம், டேங்க் தண்ணிக்குள்ள மருந்தே போகாது.

அடுத்த ரெண்டு மூணு நாள்ல நடக்கிறத பாக்க எனக்கு இன்னும் சலிக்கல. கறுப்பா இருந்த கொத்து ரோஸ் கலருக்கு மாறும், சில இடத்துல நல்ல செவப்பாவே ஆகும், அப்புறம் வெளுத்து சாம்பலாகும். செடிக்கு ஏதோ நோய் வந்துடுச்சுன்னு பயந்து போட்டோ எடுத்து கேக்கிறவங்க நிறைய பேர் உண்டு, பயப்பட வேணாம், பாசி சாவுறதுதான் அது. பிபிஏ பாக்க கறுப்பா இருந்தாலும் அது செம்பாசி வகை, உள்ள பச்சை நிறமியோட செவப்பு நிறமியும் இருக்கு, செத்ததும் பச்சை முதல்ல அழிஞ்சு செவப்பு வெளிய தெரியுது. உங்ககிட்ட இருக்கிறது பிபிஏ-தானான்னு சந்தேகம்னா ஒரு கொத்த பிச்சு ஸ்பிரிட்ல ஊறப்போட்டு பாருங்க, செவந்தா செம்பாசி வகைதான். மான் கொம்பு மாதிரி கிளை கிளையா வர்ற ஸ்டாக்ஹார்னும் இதே வகை, அதுக்கும் இந்த வைத்தியம் கேக்குது.

ரோஸ் ஆனதுக்கு அப்புறம் இன்னொரு லாபம் இருக்கு. உயிரோட இருக்கிற பிபிஏவ பெரும்பாலான இறாலும் மீனும் மூந்து கூட பாக்காது, ஆனா மருந்து பட்டு இளகினதும் அமானோ ஷ்ரிம்ப் வந்து உக்காந்து நிதானமா பிச்சு பிச்சு தின்னும். அது மிச்சம் வைக்கிறத வாட்டர் சேஞ்ச் பண்ணும்போது உறிஞ்சி எடுத்துடணும். செத்த பாசிய உள்ளயே அழுக விட்டா அது அம்மோனியாவாகும், ஆக்சிஜனையும் தின்னும், அதனால கொஞ்ச நாள் தண்ணி மாத்துறத அடிக்கடி வச்சுக்கோங்க.

சரி, இவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னா ஏன் அஞ்சுக்கு அஞ்சு குடுக்கல? ஏன்னா பாட்டில் செத்துப் போகச் சொல்றது இன்னைக்கு இருக்கிற பாசிய மட்டும்தான், நாளைக்கு வர்றதுக்கு அதுகிட்ட பதில் இல்ல. பிபிஏ வர்ற டேங்க்ல பெரும்பாலும் ரெண்டு விஷயம் இருக்கும். ஒண்ணு, கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கி ஆடிக்கிட்டே இருக்கும். கேஸ் வச்சிருக்கவங்க லைட் போடுறதுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் முன்னாடியே கேஸ திறந்து, லைட் எரிய ஆரம்பிக்கும்போது டிராப் செக்கர், அதாவது தண்ணில கேஸ் எவ்ளோ இருக்குன்னு கலர்ல காட்டுற சின்ன குடுவை, பச்சைக்கு வந்திருக்கிற மாதிரி பாத்துக்கணும். உள்ள 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல் இருந்தா பச்சைன்னா சுமாரா 30 பிபிஎம், நீலம்னா பத்தல, மஞ்சள்னா மீனுக்கு ஆபத்து. டிராப் செக்கர் ஒரு மணி ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் கலர் மாறும்கிறத மனசுல வச்சுக்கோங்க. ரெண்டாவது அழுக்கு. கழுவாத ஃபில்டர், மண்ணு மேல படிஞ்ச கசடு, அழுகின இலை, தேவைக்கு மேல போடுற தீனி. ஆனுபியாஸ், புசெஃபலாண்ட்ரா மாதிரி மெதுவா வளர்ற செடியோட வயசான இலைதான் பிபிஏ-க்கு ரொம்ப புடிச்ச இடம், அந்த மாதிரி இலைய காப்பாத்தறேன்னு மருந்து வீணாக்குறத விட கத்திரிய எடுத்து வெட்டிடுறது நல்லது, புது இலை சுத்தமா வரும். இந்த ரெண்டையும் சரி பண்ணாம பாட்டில் மட்டும் ஊத்திக்கிட்டு இருந்தீங்கன்னா பாட்டில் விக்கிறவருக்கு நீங்கதான் மாசா மாசம் வாடிக்கையாளர்.

செடி விஷயத்துல ஒரு எச்சரிக்கை, இத லேபிள்ல பெரிய எழுத்துல போடணும்னு நான் ரொம்ப நாளா நினைக்கிறேன். வாலிஸ்நேரியா இருக்கிற டேங்க்ல இத யோசிக்காம ஊத்தாதீங்க, இலை கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சு போற செடின்னு பேர் வாங்கினது அது. எகேரியா, ரிச்சியா, லிவர்வர்ட் வகைகள், மெல்லிசான மாஸ் எல்லாம் அளவு கூடினா அடி வாங்கும். மாரிமோ உருண்டை வச்சிருக்கவங்க கவனிங்க, கடையில அத மாஸ் பால்னு சொல்லி குடுத்தாலும் அதுவே ஒரு பச்சைப் பாசிதான், பாசியக் கொல்ற மருந்து அத மட்டும் விட்டு வைக்குமா. கிரிப்டோகொரைன், ஆனுபியாஸ், எக்கினோடோரஸ், ஜாவா ஃபெர்ன் இதெல்லாம் லேபிள் அளவுக்கு நல்லா தாங்குது. மீனும் இறாலும் சொன்ன அளவுல இருந்தா பிரச்சினை இல்ல, ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு போனா மீன் மேல வந்து மூச்சு வாங்கும். வெக்கை காலத்துல தண்ணில ஆக்சிஜன் ஏற்கனவே கம்மி, அப்ப ஸ்பாட் டோஸ் முடிஞ்சதும் ஓட விட ஏர் ஸ்டோன் இல்லன்னா அத பண்ணவே வேணாம்.

நமக்கும் பாதுகாப்பு வேணும். கை உறை போடுங்க, கண்ணுல தெறிக்காம பாத்துக்கோங்க, மூடிய திறந்து மோந்து பாக்காதீங்க, குளுட்டரால்டிஹைடு தோலுக்கும் மூச்சுக் குழாய்க்கும் ஒவ்வாமை கிளப்பும், ஆஸ்துமா இருக்கவங்க இன்னும் ஜாக்கிரதை. ஆஸ்பத்திரி கிருமிநாசினிய வாங்கி தண்ணி கலந்தா இதே சாமான் மலிவா வந்துடும்னு ஒரு யோசனை சுத்திக்கிட்டு இருக்கு, நான் அதுக்கு மார்க் போட மாட்டேன். அதோட செறிவு அதிகம், கையாளும்போது ஒரு தப்பு நடந்தா மிச்சம் புடிச்ச காச விட டாக்டர் செலவு பெருசா இருக்கும், போதாக்குறைக்கு சிலதுல கூட கலந்திருக்கிற பொருள் மீனுக்கு ஆகுமான்னு லேபிள் சொல்லாது.

இப்ப இதே காசுக்கு வேற என்ன வாங்கலாம்னு கேப்பீங்க. முதல் போட்டி 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடையில கிடைக்கிறது. 40 லிட்டருக்கு 10லருந்து 15 மிலிய தாண்டாம, அதே மாதிரி ஃபில்டர நிறுத்தி பாசி மேல விடணும், உடனே நுரை நுரையா குமிழ் வரும், கடைசில தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைஞ்சு போயிரும், மிச்சம் எதுவும் இல்ல. நூல் நூலா வர்ற பாசிக்கும், நீலப்பச்சை வழவழப்பா போர்வை மாதிரி படர்ந்து நாறுமே அந்த சயனோவுக்கும் நான் பெராக்சைடத்தான் கையில எடுப்பேன். சயனோ பாசியே கிடையாது, பாக்டீரியா, அதுக்கு கையால உறிஞ்சி எடுத்துட்டு மூணு நாலு நாள் முழு இருட்டுல போட்டு, தண்ணி ஓட்டத்த கூட்டி, நைட்ரேட் ஜீரோல இருந்தா ஏத்திவிட்டா அடங்கும். பிபிஏ-ல ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தப்ப லிக்விட் கார்பன்தான் எனக்கு கொஞ்சம் சுத்தமா வேலை முடிச்சு குடுத்துச்சு, பெராக்சைடு பட்ட மாஸ் வேற நுனி வெளுத்து பாவமா ஆயிடுது.

தாமிரம் கலந்த ஆல்கிசைடு பாட்டில்கள் ஒரு ரகம். இறால், நத்தை இருக்கிற டேங்க்ல அத ஊத்துறது அதுங்கள கொல்றதுக்கு சமம், வேற பேச்சே இல்ல.

பாஸ்பேட் ரிமூவர் கதை கொஞ்சம் பழசு. 1996ல பால் சியர்ஸ், கெவின் கான்லின்னு இந்த ஹாபில இருந்த ரெண்டு பேர் பாஸ்பேட்ட இழுத்துப் புடிச்சா பாசி அடங்கி செடி ஜெயிக்கும்னு எழுதினாங்க, அந்த காலத்துல அது பெரிய தெளிவு, செடிக்கு மத்த சத்த அளந்து போடணும்கிற பழக்கமே அதுல நிறைய பேருக்கு வந்துச்சு. அப்புறம் டாம் பார்னு இன்னொரு பிளான்டட் டேங்க்காரர் வந்து பாஸ்பேட்டையும் தாராளமா போட்டு, கார்பன் டை ஆக்சைடு சரியா இருந்தா பாசி வரலன்னு காமிச்சாரு, அவரோட எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறையே சத்த கொஞ்சம் கூடவே போட்டு வாரா வாரம் பாதி தண்ணிய மாத்துறதுதான். இன்னைக்கு கண்ணாடியில புள்ளி புள்ளியா கெட்டியா ஒட்டுற கிரீன் ஸ்பாட் வந்தா பாஸ்பேட் கம்மியா இருக்கான்னுதான் முதல்ல பாக்கச் சொல்றாங்க. அதுக்கு ரிமூவர் போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. லிக்விட் கார்பனும் அந்த புள்ளிய அசைக்காது, பிளேடு வச்சு சுரண்டணும், இல்ல நெரைட் நத்தை விடணும், அது நல்ல தண்ணில முட்டை போடும் ஆனா குஞ்சு வளராது, பெருகிடுமோன்னு கவலை இல்ல. வெள்ளை முட்டைய கட்டை பூரா ஒட்டி வைக்கும், அது வேற எரிச்சல்.

புது டேங்க்ல பிரவுன் தூசு மாதிரி படியிறது டயட்டம், அதுக்கு எந்த பாட்டிலும் வேணாம், சில வாரத்துல தானா போகும், பொறுமை இல்லாதவங்க துடைச்சிக்கலாம். தண்ணியே பச்சையா ஆயிட்டா யூவி ஸ்டெரிலைசர், 254 நானோமீட்டர் வெளிச்சத்துல மிதக்கிற பாசி மட்டும் சாகும், இலை மேல ஒட்டினது அதுபாட்டுக்கு இருக்கும், ஏன்னா அது பல்ப் பக்கமே போறதில்லையே.

பாசி தின்னும் மீன் வாங்குறதா இருந்தா பேர கேட்டு ஏமாறாதீங்க. பிபிஏவ உயிரோடயே தின்னக்கூடியது சயாமீஸ் ஆல்கி ஈட்டர், அதோட கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் ஓடும். ஃப்ளையிங் ஃபாக்ஸ்க்கு கோட்டுக்கு மேல தங்கக் கலர்ல இன்னொரு கோடு இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. சைனீஸ் ஆல்கி ஈட்டர் வளந்ததும் மத்த மீன துரத்தி உறிஞ்சும், வேணவே வேணாம். சயாமீஸும் 15 சென்டிமீட்டர் வரை வளரும், வயசானதும் பாசிய விட்டுட்டு தீனிக்கு முதல் ஆளா நிக்கும், சின்ன டேங்க்ல போட்டு அத வதைக்காதீங்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு டைமர். லைட் 6லருந்து 8 மணி நேரத்துக்கு மேல எரிய வேணாம், மங்க வைக்கிற வசதி இருந்தா பாதிக்கு கொஞ்சம் மேல வச்சு ஆரம்பிங்க. இப்ப வர்ற எல்இடி எல்லாம் முழு வெளிச்சத்துல கேஸ் இல்லாத டேங்க்குக்கு ரொம்பவே ஜாஸ்தி, அந்த வெளிச்சத்த செடியால தின்ன முடியாம பாசி தின்னுது. பாசிக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்க காசு இருக்குன்னா டைமர் வாங்கிட்டு பாட்டில அடுத்த மாசத்துக்கு தள்ளி வைங்க.

மார்க் கேட்டா இப்படி குடுப்பேன். பிபிஏ, ஸ்டாக்ஹார்ன் மேல ஸ்பாட் டோஸ் பண்ண: அஞ்சுக்கு நாலு. கேஸ் இல்லாத டேங்க்ல செடி வளர்ச்சிக்குன்னு தினமும் ஊத்த: ரெண்டரை, அதுவும் வாலிஸ்நேரியா இல்லன்னா. மத்த பாசிக்கு: ஒண்ணு கூட குடுக்க மனசு வரல. சிலிண்டருக்கு மாத்தா: முட்டை.

வாங்குறதா இருந்தா சின்ன பாட்டிலா வாங்குங்க, ஸ்பாட் டோஸ்க்கு அது ரொம்ப நாள் வரும், பெரிய பாட்டில திறந்து வருஷக்கணக்கா வச்சா வீரியம் குறையும். வெயில் படாத இடத்துல, மூடிய இறுக்கி, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க, மீன் தீனி டப்பாவுக்கு பக்கத்துல வேணாம். பிபிஏ போனதுக்கு அப்புறமும் தினமும் ஊத்தணுமான்னா, தேவையில்ல, சில வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம், நிறுத்தினதும் திரும்ப வந்தா கேஸையும் ஃபில்டரையும் போய் பாருங்க.